சுருட்டை முடியும் ஸ்ரீமதுரையும்

மதுரை என்றதும் நமக்கு மீனாட்சியம்மன் கோவிலும் மல்லிகைப் பூவும்தான் நினைவுக்கு வரும். நீலகிரி மாவட்டத்திலும் ஒரு மதுரை இருக்கிறது. ஸ்ரீமதுரை என்று பெயர். கூடலூர் தாலுகாவில், முதுமலைக் காட்டுப் பக்கம் இருக்கும் ஊராட்சி. ஊட்டி, குன்னூர் என்று போகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏரி, படகு, பூங்கா என்று காட்ட இங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் மேடெல்லாம் தேயிலையும் காப்பியும், பள்ளமெல்லாம் நெல் வயலும், மரத்துக்கு மரம் மிளகுக் கொடியுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர்.

என் பெரியப்பா மகள் அங்கே வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. அக்காவின் பேத்திக்கு டைபாய்டு வந்து தேறியிருந்தாள். பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். போன இடத்தில் ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டதை விடத் தலைமுடியைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் அதிகம். சுருட்டை முடிக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தினமும் காலையில் மல்லுக்கட்டும் தாய்மார்களுக்கு உபயோகமாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஒரு பாடம்

ஊட்டியிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊட்டியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு இறங்கும் பாதை. பைக்காரா, ஒரு காலத்தில் கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்த்த நடுவட்டம், ஊசிமலை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். குளிர் குறையக் குறையக் காதில் கட்டிய மப்ளரைக் கழற்றலாம்.

ஊட்டி பஸ் நிலையத்தில் தோடர் இனத்துப் பாட்டி ஒருவரைப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. தலைமுடி இரண்டு தோளிலும் நீள நீளமான சுருளாகத் தொங்கியது. கூந்தலில் வெண்ணெய் தடவி இப்படிச் சுருள் சுருளாக விட்டுக்கொள்வது தோடர் பெண்களின் பழைய வழக்கம்.

அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினால், என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பெண்ணின் தலையும் அதே போலத்தான் இருந்தது! ஆனால் அவள் தோடர் இல்லை. கென்யா நாட்டுப் பெண், கோயம்புத்தூரில் படிக்கிறாளாம். தெப்பக்காட்டு யானை முகாமைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள். விரல் கனத்தில் நாற்பது ஐம்பது சடைகள் முதுகு வரை தொங்குகின்றன. ஜடாமுடி என்றால் சாமியார்களுக்குத்தான் என்று நினைக்கும் ஊர்க்காரி நான். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் மெதுவாக விசாரித்தேன்.

"ஆன்ட்டி, எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியைக் கேளுங்கள்" என்று சிரித்தாள்.

"என்ன கேள்வி?"

"இதைக் கழுவுவாயா என்பதுதான்."

கழுவாமல் வளர்ப்பதாக நாம் நினைப்பது சுத்தத் தவறு என்று அவள் சொன்னதில் இருந்து புரிந்தது. இந்தச் சடையை ஆங்கிலத்தில் 'டிரெட்லாக்ஸ்' என்கிறார்கள். அவள் சொன்ன முறையை அப்படியே தருகிறேன்.

இரண்டு அங்குலமாவது முடி இருக்க வேண்டும். நன்றாகத் தலைக்குக் குளித்து, சிக்கெடுத்து, நாம் கீரைக்குப் பாத்தி கட்டுவது போலத் தலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்து முடியையும் ஒரே பக்கமாக முறுக்கி, விளக்குத் திரி உருட்டுவது போல இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டிவிட வேண்டும். பிறகு சீப்பே படக்கூடாது. சாதாரணமாக எல்லோருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். நமக்குச் சீப்போடு வந்துவிடுகிறது. சீவாத தலையில் அது வெளியே வராமல் சடைக்குள்ளேயே தங்கிப் பின்னிக்கொள்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், சடை கெட்டிப்பட.

வாரம் ஒரு முறை ஷாம்பு போட்டு வேர்க்கால் வரை தேய்த்துக் கழுவுகிறாள். சடை ஒவ்வொன்றையும் துணி பிழிவது போலப் பிழிந்து, முழுக்கக் காயவைத்த பிறகுதான் படுக்கப் போவாளாம். ஈரத்தோடு கட்டி வைத்தால் உள்ளே பூசணம் பிடித்து வாடை வந்துவிடும். மெழுகு, கெட்டியான கிரீம் எதுவும் தடவுவதில்லை. அது சடைக்குள் போனால் வெளியே வராது. மண்டையில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய். புதிதாக வளரும் அடிமுடியை மாதம் ஒரு முறை முறுக்கிவிட்டால் போதும். அடிக்கடி இறுக்கி முறுக்கினால் நெற்றியோரத்து முடி வேரோடு போய்விடும். பக்கத்துப் பக்கத்துச் சடைகள் அடியில் ஒட்டிக்கொள்ளாமல் விரலால் பிரித்து விட வேண்டும். ராத்திரி வழவழப்பான துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு படுத்தால் பஞ்சு ஒட்டாது.

இவ்வளவு வேலையா என்று அசந்து போனேன். "நீங்கள் தினமும் பின்னலுக்குச் செலவிடும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்றாள்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்காக முடியை ஒட்ட வெட்டியே வைத்திருந்தாளாம். பள்ளி முடிந்த பிறகுதான் ஆசைப்பட்டு வளர்த்திருக்கிறாள். அவர்கள் நாட்டில் சடையோடு வந்த மாணவி ஒருத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் நிறுத்தி, வழக்கு கோர்ட் வரை போய், 2019-ல் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஜமைக்காத் தீவில் 1930-களில் தோன்றிய ரஸ்தஃபாரி மதத்தைச் சேர்ந்த பெண் அவள். அந்த மதத்தில் சடை வளர்ப்பது விரதம் மாதிரி. 1981-ல் காலமான பாடகர் பாப் மார்லியால் இந்தச் சடை உலகமெல்லாம் தெரிந்தது. 1845-லிருந்து 1917 வரை நம் நாட்டிலிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறி ஜமைக்கா போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களோடு போன சாமியார்களின் ஜடாமுடியைப் பார்த்தும் அங்கே இந்தப் பழக்கம் வந்திருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

கூடலூரில் அவள் மைசூர்ச் சாலைப் பக்கம் போக, நான் ஸ்ரீமதுரை பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டில் விழுந்த சடை

அக்கா வீட்டுத் திண்ணையில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. நல்ல சுருட்டை முடி. 'சுருட்டை முடி சோறு போடும்' என்று ஆசையாக வளர்த்த முடி. பின்னந்தலையைப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே கட்டி! பத்து நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை வருத்த வேண்டாம் என்று யாரும் சீப்பு வைக்கவில்லை. வியர்வையும் தலையணை உரசலும் சேர்ந்து கம்பளி மாதிரி பின்னிக்கொண்டுவிட்டது.

அக்காவின் மாமியாருக்கு எண்பது வயசு நெருங்குகிறது. அவர் யாரையும் அதைத் தொட விடவில்லை.

"காய்ச்சல்ல வந்த சடைம்மா. அம்மன் கொடுத்தது. கத்திரி பட்டா கண்ணுக்கு ஆகாது" என்றார்.

பெற்றவள் பாவம், இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். "சித்தி, பள்ளிக்கூடம் திறந்தா எப்படி அனுப்புறது? ராத்திரி தலை திருப்பினா வலிக்குதுன்னு அழறா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

மறுநாள் மிளகு பறிக்க ஒரு பணியர் இனத்துப் பெண் வந்தாள். என்னை விட நாலைந்து வயசு மூத்தவள். அக்கா அவளைச் 'சேச்சி' என்றுதான் கூப்பிடுகிறாள். நெருக்கமான சுருள் முடியை எண்ணெய் தடவிப் பின்கொண்டையாக அழகாக முடிந்திருந்தாள். குழந்தையின் தலையைப் பார்த்ததும் கிட்டே வந்து விரலால் நீவிப் பார்த்தாள்.

"இது சாமி இல்லம்மா. சீப்பு படலே, அவ்வளவுதான். என் தலையைப் பத்து நாள் விட்டாலும் இப்படித்தான் ஆகும். எங்க வீட்ல எத்தனை பிள்ளைக்கு எடுத்திருக்கேன்!"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னார். "என் தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயசுல விழுந்துச்சு. அம்மனுக்கு விட்டாச்சுன்னு எங்கப்பா சொல்லிட்டார். பள்ளிக்கூடம் நின்னுச்சு, கல்யாணமும் இல்லே. பாரம் தாங்காம கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சே நடப்பா. அப்படியே போய்ச் சேர்ந்தா." பிறகு சேச்சியைப் பார்த்து, "வெட்டாம எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்ச மட்டும் பார்க்கிறேன்."

மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைச் சடையில் ஊற ஊறத் தடவி ஒரு மணி நேரம் விட்டாள். பிறகு நுனியிலிருந்து தொடங்கி விரலாலேயே பிரித்தாள். ஒரு கையால் வேர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் குழந்தைக்கு இழுக்கவில்லை. விரல் போகாத இடத்தில் சீப்பின் வால் முனையால் நெம்பினாள். மேலே இருந்து கீழே ஒரு தடவை கூடச் சீப்பை இழுக்கவில்லை. அரை மணிக்கு மேல் உட்காரவும் வைக்கவில்லை. நடுவில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் கடைசி வரை பிரியவில்லை. பெரியவரே கத்திரியை எடுத்து வந்து கொடுத்தார். வெட்டியதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார், கோவிலில் சேர்த்துவிடுவதாக. யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் மனசுக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா?

'ஆப்பிரிக்கா' என்று சிரித்த கதை

வேலை செய்துகொண்டே சேச்சி தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வைத்து வழவழவென்று சீவி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட வேண்டுமாம். இவள் முடி அதில் அடங்காது. கூடப் படிக்கிற பிள்ளைகள் 'ஆப்பிரிக்கா' என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். முடி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தினமும் காலையில் அழுதுகொண்டு கிளம்பிய பெண் எத்தனை நாள் தாங்குவாள்?

இந்த 'ஆப்பிரிக்கா' கதை இன்று நேற்று வந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல் உடைந்து மலபார்க் கரையில் ஒதுங்கியவர்களின் சந்ததிதான் பணியர்கள் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பேசிக்கொண்டார்கள். கறுத்த நிறமும் சுருள் முடியும்தான் அதற்கு ஆதாரம்! தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு பெரிய புத்தகங்கள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியே, விசாரித்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது என்று எழுதிவிட்டார். இப்போது மரபணு ஆராய்ச்சியும் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் மிகப் பழைய குடிகளின் வழியை அதிகமாகத் தாங்கியிருப்பவர்களில் பணியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்கிறது அது. நாம் எல்லோரும் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவர்களைப் பார்த்து, எங்கிருந்தோ வந்தவர்கள் என்று சிரித்திருக்கிறோம்! இவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமையாக வைத்திருந்த கொடுமைக்கு 1976-ல்தான் சட்டம் போட்டுத் தடை வந்தது.

உண்மையிலேயே ஆப்பிரிக்க வம்சாவளியினர் நம் பக்கத்தில் வேறு இடங்களில் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்திகள் அப்படிப்பட்டவர்கள். இலங்கையில் புத்தளம் பக்கம் காப்பிரியர் என்று ஒரு சமூகம் உண்டு. அவர்களும் நம் தேசத்தோடு தேசமாகக் கலந்து பல நூறு வருஷங்கள் ஆகிவிட்டன. முடியின் சுருள் யாருக்கும் குறையல்ல.

முடி ஏன் சடையாகிறது?

கோரை முடியின் வேர்க்குழி நேராக இருக்கும். சுருட்டை முடிக்கு வளைந்திருக்கும். நேர் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். சுருள் முடி தட்டையாக இருக்கும். அதனால்தான் வளரும்போதே சுருண்டுகொள்கிறது. மண்டையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேர் முடியில் சுலபமாக நுனி வரை இறங்கும். சுருளில் வளைந்து வளைந்து போக வேண்டியிருப்பதால் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே நுனி வறண்டு, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். உதிர்ந்த முடியும் வெளியே வராமல் சேர்ந்தால் சடைதான். கென்யாப் பெண்ணுக்கு வேண்டி வளர்த்த சடை. எங்கள் குழந்தைக்கு வேண்டாமல் விழுந்த சடை. இரண்டும் உண்டாகும் விதம் ஒன்றே.

தோடர் பாட்டிகள் வெண்ணெய் தடவியதில் எத்தனை அர்த்தம் இருக்கிறது பாருங்கள்! ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டு ஹிம்பா பெண்களும் வெண்ணெய்க் கொழுப்பில் செம்மண் குழைத்துத் தங்கள் பின்னல்களில் பூசுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

இது தெரியாமல் எத்தனை பெண்களின் வாழ்க்கை வீணாகியிருக்கிறது! கர்நாடகத்தில் சிறுமிக்குச் சடை விழுந்தால் எல்லம்மா அழைத்துவிட்டாள் என்று தேவதாசியாக விட்டுவிடுவார்கள். 1982-ல் அந்த மாநிலம் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், பெண்களிடம் பொறுமையாகப் பேசிச் சடையை எடுத்துவிடுகிறார்கள். பல வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்தவர்களுக்குக் கழுத்து வலி, புண், பேன் என்று தொல்லை.

தாய்மார்களுக்குச் சில வார்த்தை

சுருட்டை முடியைக் காய்ந்திருக்கும்போது சீவக்கூடாது. தலைக்குக் குளித்த ஈரத்தோடோ எண்ணெய் தடவியோ, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். தினமும் ஷாம்பு வேண்டாம். வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். சுருள் அடங்குவதற்காக இழுத்து இறுக்கிப் பின்னாதீர்கள். நெற்றியோரம் வழுக்கை விழும்.

குழந்தை காய்ச்சலில் படுத்தால் முதல் நாளே தளர்வாக இரண்டு பின்னல் போட்டுவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் விரலால் கோதி விட்டாலே சடை பிடிக்காது. பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகத் திரும்பி வளரும்.

சடை விழுந்துவிட்டால் பேன், புண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிய பிறகே கை வையுங்கள். பிரிக்க முடிந்த வரை பிரித்து, முடியாததை வெட்டிவிடலாம். வெட்டினால் ஒரு கெடுதலும் வராது. வீட்டுப் பெரியவர்கள் பயந்தால் அவர்களைக் கேலி செய்யாமல், பயத்துக்கு என்ன காரணம் என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் சுருள் முடிக்காக உங்கள் குழந்தையை யாராவது கேலி செய்தால் ஆசிரியையிடம் போய்ப் பேசுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. முடியின் இயல்பைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் பள்ளியிலோ, பெரியவர்களை வேலையிலோ ஒதுக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நம் பிள்ளை சிரித்தாலும் கண்டிக்க வேண்டியது நாம்தான்.

போகிறவர்களுக்கு

கூடலூர் வரை ஊட்டியிலிருந்து பஸ் உண்டு. அங்கிருந்து ஸ்ரீமதுரை பக்கம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. குடையோடு அட்டைப்பூச்சிக்கு உப்பும் எடுத்துப் போங்கள். பலாப்பழ காலத்தில் யானை ஊருக்குள் வந்துவிடும். பொழுது சாய்ந்தபின் வெளியே நடக்காதீர்கள். ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். நல்ல மிளகு வாங்கி வரலாம். யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்காரக் கிடைத்தால் அங்கே இருக்கும் சேச்சிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்த மண்ணில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் அவர்கள். கேட்டால் நிறையச் சொல்லிக் கொடுப்பார்கள்.